ரசலையன் அத்தானின் சனிக்கிழமைப் பட்டியல்

எனக்க அக்கா ஞானபாயிக்க மாப்பிள்ளை ரசலையன் அத்தானைத் தெரியாத ஆளு மார்த்தாண்டம் பக்கத்துல கிடையாது. தொழிலு இன்சூரன்ஸ் ஏஜென்டு. ஆனா அவருக்குப் பேரு வாங்கிக் குடுத்தது அது இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க சர்ச்சு சபை வாட்ஸ்அப் குரூப்புல 'இந்த வாரம் பார்க்க வேண்டியவை'ண்ணு ஒரு பட்டியல் போடுவாரு. குறும்படம் மூணு, ஆல்பம் பாட்டு ரெண்டு. முந்நூறு பேரு இருக்குத குரூப்பு அது.

நம்ம ஜில்லாவுல இப்பம் வீட்டுக்கு ஒரு இயக்குநரு உண்டும். துபாயில இருந்து ஒரு மாச லீவுக்கு வந்தவன்கூட ட்ரோன் வாங்கிட்டுல்லா வாறான். பாவத்தைக் கழுவும்ணு பாடிக்கிட்டு, கோட்டும் சூட்டும் போட்டு திற்பரப்பு அருவியில நனையுத பாட்டு மட்டும் நான் பதினாலு பாத்திருக்கேன். குறும்படம்ணா குடிகார அப்பன் ஒருத்தன், கடைசி நிமிசத்துல திருந்துவான், பின்னால வயலின் அழும். இது அம்புட்டையும் அத்தான் பரிந்துரைப்பாரு. எப்பிடி மோசம்ணு சொல்லுவாரு? எடுத்தவன் பாலிசி போட்டவனாட்டு இருப்பான், இல்லாட்டிப் போடப்போறவனாட்டு இருப்பான்.

இதுல ரகசியம் என்னண்ணா, அவரு ஒண்ணையும் பாக்க மாட்டாரு. தொடக்கம் பத்து செகண்டு, கடைசியில பேரு ஓடுத இடம், அவ்வளவுதான். பேரு விட்டுப்போகப்படாதுல்லா! எழுதுததும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்: 'நடிப்பு அருமை. பின்னணி இசை நெஞ்சை உருக்கியது. ஒவ்வொரு குடும்பமும் பார்க்க வேண்டும்.'

அவருக்கு ஒரே மக, ஜினிஷா. படிச்சது கம்ப்யூட்டரு, கிறுக்கு எடிட்டிங்குல. கொச்சியில ஒரு ஸ்டுடியோவுல வேலைக்குக் கூப்பிட்டாவ. போகட்டாண்ணு ஆறு மாசமா அப்பன்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தா. அவரு காது குடுத்தது ஒரே ஒரு நாளு. அண்ணைக்குச் சொன்ன பதிலு, வீடியோ பிடிச்சுக்கிட்டு நடக்குத பெண்ணை எவன் கலியாணம் கெட்டுவாண்ணு. அதே வாரம் பட்டியலுக்கு மேல 'இளம் திறமைகளை ஊக்குவிப்போம்'ண்ணு எழுதியிருந்தாரு. அதை வாசிச்சு எனக்கு வந்த எரிச்சல் இருக்கே, அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் ஜினிஷா தானே ஒரு குறும்படம் எடுத்தா. அதுக்குப் பேரு 'ம்'. சனிக்கிழமை நாலு பத்துக்கு எங்க குடும்ப குரூப்புல லிங்கு போட்டு, 'அப்பா, பாத்துட்டுச் சொல்லணும்'ண்ணு எழுதினா. நாலு பதினொண்ணுக்கு சபை குரூப்புல பட்டியல் வந்தாச்சு. முதல் இடம் அவளுக்குத்தான். மகளுக்க படமாச்சே, கடைசியில பேரு பாக்குத வேலைகூட மிச்சம். எழுதினதுல குடும்பத்தைத் தகப்பனாக்கினதோட சரி. 'நடிப்பு அருமை. பின்னணி இசை நெஞ்சை உருக்கியது. ஒவ்வொரு தகப்பனும் பார்க்க வேண்டும்.'

படம் ஆறு நிமிசம். நான் உக்காந்து முழுசும் பாத்தேன். அதுல இசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சாப்பாட்டு மேசையில சீனி டப்பாவுல போனைச் சாச்சு வச்சு எடுத்திருக்கா. அத்தான் ஒரு கையால புட்டும் பயறும் பிசையுதாரு, மறு கையால அவருக்க போனை நோண்டுதாரு. மேல ஃபேனு கடகடங்குது. எதிர்ல இருந்து ஜினிஷா சொல்லுதா, வேலை உறுதியாச்சு, திங்கக்கிழமை சேரணும், ஹாஸ்டலும் பாத்தாச்சுண்ணு. "போகட்டா அப்பா?" அவரு, "ம்." பின்னயும் கேக்கா. பின்னயும் "ம்." மூணாவது தடவை கேட்டதுக்கு நிமிராமலே, "போ மக்கா, சந்தோசமாட்டுப் போ"ண்ணு சொல்லிட்டுப் பப்படத்தை நொறுக்குதாரு.

முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சேன். பொறவு அந்த மூணாவது 'போகட்டா'வை இன்னொருக்கா கேட்டேன். பிள்ளைக்க முகம் படத்துல கிடையாது, குரலு மட்டும்தான். அது உடைஞ்சு போய் இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துட்டு.

ஊருக்கு என்ன தெரியும்? அத்தானே பாத்து, அத்தானே சம்மதிச்சு, அத்தானே ஊருக்கு அறிவிச்சாச்சுண்ணு எல்லாரும் நெனச்சாவ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கும்போ போதகரு, பெண்பிள்ளைகளை நம்பி வெளியூருக்கு அனுப்புத தகப்பன்மாரு நம்ம சபையிலயும் உண்டுண்ணு சொல்லி அத்தானுக்க பேரை எடுத்தாரு. அத்தான் காரியம் என்னண்ணு தெரியாமலே எழும்பி நின்னு கும்பிட்டாரு. வாசல்ல ஆளாளுக்குக் கை குடுத்தாவ. மகளை வெளியூருக்கு விடாத ஏசுஅடிமை சாரு கட்டிப்பிடிச்சு, எனக்கு இந்த மனசு இல்லாமப் போச்சேண்ணு கண்ணைத் துடைச்சாரு. அத்தான் எல்லாத்துக்கும் சிரிச்சு வச்சாரு.

வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாத்தாம, அந்தப் படத்தைப் போட்டாரு. ஆயுசுல முதல் தடவையா ஒரு குறும்படத்தை முழுசும் பாத்தாரு.  இனி வேண்டாம்ணு சொல்ல முடியுமா? முந்நூறு பேரு சாட்சி.

ஜினிஷா உள்ள துணி அடுக்கிக்கிட்டு இருந்தா. காலையில ஆராதனைக்குப் போகும்போ அவ எங்கிட்ட ஒண்ணு சொன்னா. "பாத்தா போக விடமாட்டாருண்ணு தெரியும் சித்தி. இருந்தாலும் அவரு பாக்கணும்ணுதான் ஆசைப்பட்டேன்."

அத்தான் அவளுக்க அறை வாசல்ல வந்து நின்னாரு. கையில போனு இல்ல. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா மக்கா?"

அவ தலை நிமிரல. சுடிதாரை மடிச்சுப் பெட்டியில வச்சா.

"கேட்டேன் அப்பா. நாலாவது நிமிசத்துல இருக்கு."