கடைசி வரிசைக்கும் கொஞ்சம்

என் வீட்டுக்காரர் கருப்பணனுக்குத் தொழில் விவசாயம். பந்தி விசாரிப்பது பிறவிக் குணம். நெய்க்காரப்பட்டிப் பக்கம் எந்தக் கல்யாணமானாலும் யாரும் சொல்லாமலே சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். கடைசி இலைக்கு அப்பளம் வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் எங்கள் பப்பாளியில் வைரஸ் விழுந்து, இலை மஞ்சளடித்து, ஒரு காய்கூடச் சந்தைக்குப் போகவில்லை. இந்த வருஷம் திண்டுக்கல்லிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் நுஸைபா ஒரு மருந்தோடு வந்தாள்.

"அந்த வைரஸோட ஆர்.என்.ஏ.வுல ஒரு துண்டை நாங்களே செஞ்சிருக்கோம்ணா. இலையில அடிச்சா செடி அதை அடையாளம் வச்சுக்கும். அதே மாதிரி எது உள்ள வந்தாலும் வெட்டிப் போட்டுடும். வைரஸ் பெருக முடியாது. ஆனா பாதி வரிசைக்குத்தான் மருந்து. மீதியைத் தொடவே கூடாது. ஒப்பிட்டுப் பாத்தாத்தான் மருந்து கேக்குதான்னு தெரியும்."

"சரிங்க அம்மணி" என்றார். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள் என்ற மிதப்பில் நானும் பலமாகத் தலையாட்டினேன்.

அவள் கொடுத்துவிட்டுப் போன மருந்தோடு தோட்டத்தில் நின்றவர், "ஏம்புள்ள, ஒரு வரிசைக்குப் போட்டுட்டு அடுத்த வரிசையைப் பட்டினி போடுறதா?" என்றார்.

உயிரியல் படித்தவள் ஓடிப்போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தேன். ஆள் கூடிவிட்டால் ரசத்தை நீட்டுவதுபோல் மருந்தை நீட்டி, தோட்டம் முழுக்கப் பரிமாறினோம்.

இரண்டு மாதத்தில் எல்லா வரிசையும் ஒற்றுமையாக மஞ்சளடித்தது. நுஸைபா இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மருந்து கேக்கலைண்ணா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு. இதோட நிறுத்தச் சொல்லிடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வரப்பைப் பார்த்தேன்.

"மருந்தைக் குத்தம் சொல்லாதீங்க அம்மணி. தண்ணி கலந்து எல்லாத்துக்கும் ஊத்திட்டேன். இவதான் மொண்டு குடுத்தா."

"அக்கா, நீங்களுமா?"

அவள் கோபம் தணியச் சில வாரங்கள் ஆயின. மேலதிகாரிகளிடம் நடந்ததைச் சொல்லி, இன்னொரு முறைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, அடுத்த நடவுக்கு இரண்டு கேன்களோடு வந்தாள்.

"சிவப்பு மூடி மருந்து. நீல மூடி வெறுந்தண்ணி. அது மீதி வரிசைக்கு. இப்ப எல்லாச் செடிக்கும் ஏதோ ஒண்ணு விழுதுல்ல? திருப்திதானேண்ணா? இந்தத் தடவை நான் கூடவே நிப்பேன்."

அவர் முகம் மலர்ந்தது. நீல மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததும் வாடியது.

"ஏனுங்க அம்மணி, வெறுந்தண்ணிய எப்படிங்க வைக்கிறது? துளி மோராவது ஊத்திக்கலாமுங்களா?"

நுஸைபா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கையிலிருந்த மோர்ச் சொம்பை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.