நான் ஊற்றச் சொன்ன ஆயில்

1. கவுண்டரில் வந்து விழுந்த பொட்டலம்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் மெக்கானிக் ஏழுமலை வந்தார். வழக்கமாக, "மேடம், ஒரு கேன் ஆயில் குடுங்க" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பவர், அன்று நேராக உள்ளே வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை கவுண்டரில் வைத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு கேம்ஷாஃப்ட். என்ஜினுக்குள் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடவைக்கிற தண்டு. அதன்மேல் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். இதில் இரண்டு மேடுகள் மழுங்கித் தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தன. இத்தனைக்கும் புத்தம்புது தண்டு, மாட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"திருட்டு பார்ட் போட்டேன்னு சொன்னீங்கல்ல மேடம்? நம்பர் கீது பாருங்க. பெட்டியும் கொண்டாந்துகிறேன். இது கம்பெனி ஒரிஜினல் கேம். நீங்க குடுத்த ஆயில்ல ஓடிச்சி. அவ்ளோதான்."

தேய்ந்த மேட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். அரம் கொண்டு ராவினதுபோல இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக மேற்குத் தாம்பரத்தில் ஆயில் டிஸ்ட்ரிபியூட்டர் கவுண்டரில் நிற்கிற என் வாய், அன்றைக்குத்தான் முதன்முதலில் அடைத்துப்போனது.

2. எழுத்து ஏறினால் ஆயில் ஏறும்

பில் டைப் அடிக்கத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். "பொம்பளைக்கு ஆயிலப் பத்தி இன்னா தெரியும்" என்று ஒரு லாரி ஓனர் என் காதுபடச் சொன்னார். அந்த ரோஷத்தில் கேட்லாக், ஆயிலின் விவரம் அச்சிட்ட டேட்டா ஷீட் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். ஐந்தே வருஷத்தில் முதலாளியே, "அந்தம்மாவக் கேட்டுக்கோங்க" என்று ஆட்களை என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். வண்டலூரிலிருந்து பல்லாவரம் வரைக்கும் மெக்கானிக்குகளைக் கூட்டி வைத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். கொஞ்சம் தலைக்கனம் எனக்கு. இல்லை, நிறையவே.

வகுப்பில் நான் சொல்லித்தந்த சூத்திரம் ரொம்பச் சுலபம். டப்பாவில் எஸ்எஃப், எஸ்ஜே, எஸ்என் என்று தரக்குறி போட்டிருக்கும். இரண்டாம் எழுத்து ஏற ஏற ஆயில் புதுசு. புதுசு பழசைவிட மேல். பழைய என்ஜினுக்குப் புது ஆயில் ஊற்றினால் நன்மைதானே தவிரக் கெடுதல் இல்லை. எங்கள் லைனில் எல்லாரும் சொல்வது இதுதான். நான் அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், அவ்வளவுதான். டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்தும் விடுவேன். படித்தவர்கள் காகிதத்தைப் பார்த்தால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

3. பீட்டில்

ராகவன் சார் சேலையூர்க்காரர். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய பீட்டில் கார். முதுகு வளைந்த அந்தக் காலத்து வண்டி. என்ஜின் பின்னால் இருக்கும். அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஏர்கூல்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை ஏற்றிக்கொண்டு குன்றத்தூர் முருகனைப் பார்த்துவிட்டு வருவார். ஏழுமலைதான் பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆவணியில் என்ஜினை முழுக்க இறக்கி, வெளியூரிலிருந்து புது கேம் வரவழைத்து மாட்டினார். முதல் ஆயில் ஊற்ற இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள்.

"மேடம், ட்வென்டி ஃபிஃப்டி மினரல் குடுங்க, அந்தக் கெட்டி ஆயிலு. பழைய ரகம், ஜிங்க் அதிகமா கீறது," என்றார் ஏழுமலை. "இந்த வண்டிக்குக் காத்தும் ஆயிலும்தான் சூட்ட எடுக்கணும். தண்ணியா கீற ஆயில் தாங்காது. புது கேம் வேற. மொத ஓட்டத்துல ஜிங்க் இல்லன்னா இரும்பும் இரும்பும் ஒராஞ்சி மேட்டத் துன்னுடும்."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் சிரித்தேன்.

"எந்தக் காலத்துல இருக்கீங்க ஏழுமலை? ஜிங்க்காம் ஜிங்க். நீங்க என்ன லேப்ல டெஸ்ட் பண்ணீங்களா? சார், ஃபைவ் தர்ட்டி ஃபுல் சிந்தெடிக் எடுத்துட்டுப் போங்க. தண்ணியா ஓடும், கடையிலயே ஒசந்தது. இந்தாங்க ஷீட்."

நின்றவர்களும் சிரித்தார்கள். ராகவன் சார் காகிதத்தைப் படித்துவிட்டு, "மேடம் சொல்றது லாஜிக்கலா இருக்கு ஏழுமலை" என்றார். ஏழுமலை நான் கொடுத்த சிந்தெடிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். அன்றைக்கு அந்த இருவராக நானும் ராகவன் சாரும் என் கவுண்டரில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஒன்றரை மாதத்தில் ராகவன் சார் போன் செய்தார். என்ஜினில் டிக் டிக் என்று சத்தம், வண்டி மேட்டுச் சாலையில் ஏறத் திணறுகிறது, சூடானால் டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிமிட்டுகிறது. நான் அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆயில்ல குறை இருக்காது சார். உள்ள என்ன பார்ட் போட்டாரோ, யாருக்குத் தெரியும்?"

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

ராகவன் சார் நேராக ஏழுமலையின் ஷெட்டுக்குப் போயிருக்கிறார். எதிரே டீக்கடை. காலை நேரம், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். அத்தனை பேர் முன்னால், "டூப்ளிகேட் மாட்டிட்டு ஒரிஜினலுக்குக் காசு வாங்கினியே, நீ மனுஷனா? திருடன்" என்று கத்தியிருக்கிறார். கோபமே வராத மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர். அதனாலேயே கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள். அந்த வாரமே ஷெட்டிலிருந்து மூன்று வண்டிகள் வேலை முடியாமலே வெளியே போய்விட்டன. ஏழுமலை தன் கைக்காசில் மறுபடி என்ஜினை இறக்கிப் பிரித்தார். அதிலிருந்து எடுத்த கேம்தான் என் கவுண்டருக்கு வந்தது.

4. இரண்டாம் பக்கம்

"ஆயிலாலதான்னு ராகவன் சார்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். தேய்ந்த கேம் இன்னும் என் கையில் இருந்தது.

"சொன்னேன் மேடம். 'அவங்க பேப்பர் குடுத்துகிறாங்க, நீ இன்னா குடுப்ப'ன்னாரு. என்னாண்ட ஏது பேப்பர்?"

அவர் போனபின் டிராயரைத் திறந்து அந்த டேட்டா ஷீட்டை எடுத்தேன். முதல் பக்கம் எனக்கு மனப்பாடம். அதைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. ஜிங்க், பாஸ்பரஸ் அளவுகள். பக்கத்தில் பழைய மினரல் ஆயிலின் ஷீட்டை வைத்துப் பார்த்தேன். புதியதில் இரண்டுமே கணிசமாகக் குறைவு. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: புதிய கார்களின் புகைபோக்கியில் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க இவை குறைக்கப்பட்டுள்ளன, பழைய வடிவமைப்பு கொண்ட என்ஜின்களுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்கவும்.

ஏழுமலை காதால் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தது அப்படியே அச்சில் இருந்தது. நான் ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்த காகிதத்தின் முதுகில் இருந்தது. அந்த ஷீட் கடைக்கு வந்த பத்து வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைத் திருப்பவில்லை.

5. டீக்கடை

சாயங்காலமே சேலையூர் போய் ராகவன் சாரிடம் இரண்டு பக்கங்களையும் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வெறும் கெமிஸ்ட்ரி மேடம். நான் பாடம் எடுத்தவன். அந்த ஆள் சொன்னப்போ நான் காதுலயே வாங்கலையே." ஷீட்டை மடித்து வைத்தார். "திருடன்னு சொல்லிட்டேன் மேடம்."

அங்கிருந்தே ஏழுமலைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். ஏழுமலை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில், ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"போன்ல வாணாம் சார். நீங்க கத்துனது டீக்கடைல. கேட்டவங்கோ இன்னும் அங்கதான் டீ குடிக்கிறாங்கோ. அவங்க காதுல வுழணும்."

மறுநாள் காலை நாங்கள் இருவரும் போனோம். ராகவன் சார், "ஏழுமலை மேல எந்தத் தப்பும் இல்லை" என்று ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான்தான் சொன்னேன். தவறான ஆயிலைக் கொடுத்தது நான், சரியான ஆயிலைக் கேட்ட ஏழுமலையைக் கேலி செய்தது நான், பார்ட் மேல் சந்தேகத்தைக் கிளப்பியதும் நான். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்: "அக்கா, நீங்க சொன்ன ஆயில்தான் நானும் ஊத்திகினு கீறேன். என் வண்டி இன்னா ஆவும்?"

பழக்கத்தில் சூத்திரம் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன்.

"எனக்கு இப்ப நிச்சயமா தெரியலப்பா. உன் வண்டி புக்கும் ஆயில் ஷீட்டும் முழுசாப் படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்."

அவர் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. ஏழுமலை பக்கம் திரும்பி, "நீ சொல்லுண்ணே, ஊத்தலாமா?" என்றார்.

ஏழுமலை வண்டி என்ன மாடல், எவ்வளவு ஓடியிருக்கிறது, சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டார். எழுந்துபோய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். அதற்கப்புறம்தான், "உன்து புது வண்டி. தாராளமா ஊத்து" என்றார். நான் இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

ஆயில் கவுண்டரில் நிற்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இப்போது சூத்திரம் எதுவும் இல்லை. வண்டி எது, என்ஜினுக்குள் என்ன இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தவர் என்ன கேட்கிறார் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காததால் போனது ஒரு கேம்ஷாஃப்ட் மட்டும் என்றால் இன்னொன்று வாங்கிக் கொடுத்திருப்பேன். ஏழுமலையின் ஷெட்டை விட்டுப் போன மூன்று வண்டிகளில் இதுவரை ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது.