பறந்தால் ஐம்பத்தைந்து நிமிடம்

அன்றைக்கு என் வாடகைக் காரில் மூன்று பேர். ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் ஓர் அண்ணாச்சி, ஆபீஸில் கிளார்க். பின்னால் அவர் வீட்டம்மா, டீச்சர். பாளையங்கோட்டையில் ஏற்றினேன். இரண்டு வருடம் முன்பு, காலை ஏழு மணி.

சேலத்தில் தம்பி வீட்டில் இருந்த டீச்சரின் அம்மா விடியற்காலம் இறந்துவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு அடக்கம். சர்ச் ஐயர் வேறு ஊருக்குப் போக வேண்டுமாம். இரண்டரைக்கு மேல் நிறுத்த முடியாது என்று தம்பி சொல்லியிருந்தார்.

டீச்சர் ஒன்றுதான் கேட்டார். "பெட்டிய மூடுததுக்கு முன்ன அம்மா முகத்தப் பாத்திரலாமா?"

"ரோட்டுல ஆறரை மணி நேரம் ஆகும். பிளைட் இருக்கான்னு பாரும்வே" என்றார் அண்ணாச்சி. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் என் போனில் நான் தேடினேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். வந்தது எல்லாம் இங்கிலீஷ். ஊர்ப்பேரும் எண்ணும் புரிந்தன. தூத்துக்குடி, சேலம், 340 கிலோமீட்டர், 55 நிமிடம். மேலே விமானப் படம் வேறு.

"இருக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரங்கூட இல்ல" என்றேன். வண்டியை வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு விட்டேன்.

அங்கே கவுண்டரில் இருந்தவர் சிரித்துவிட்டார். "சேலத்துக்கா? இங்கன இருந்து சென்னைக்குப் போவுது, பெங்களூருக்குப் போவுது. சேலத்துக்கு நீங்களே பிளேன ஓட்டிட்டுப் போவப் போறியளா?"

டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

திரும்பி ஏறினோம். மணி எட்டேகால். அண்ணாச்சி என் போனை வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை.

"இது வெறுங்கணக்குவே. பறந்தா இவ்வளவு நேரம்னு போட்டிருக்கான். பறக்குதுன்னு போடல."

எங்கும் நிறுத்தவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதுரையைத் தாண்ட நேரமாகிவிட்டது. கரூர் வரும்போது டீச்சர் தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மணி பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டு ஐம்பது. ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மண் மூடி முடிந்திருந்தது.

தம்பிக்காரர் அழுதுகொண்டே கத்தினார். "எங்க போன அக்கா? ரெண்டரை வர நிறுத்தி வச்சோமே!"

நான் இறங்கி, என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"என்னாலதான்டா. பள்ளிக்கூடச் சாவி எங்கிட்ட இருந்துது. குடுத்துட்டு வர நேரமாயிட்டு. டிரைவரு பாவம், பறந்துதான் வந்தாரு."

எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நாங்கள் போகவில்லை. அண்ணாச்சியிடம் தனியாகப் போய், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடும்வே. அவளே சொல்லிட்டால்லா" என்றார்.

டீச்சர் மண்ணில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தபோது என்னிடம் கேட்டது, "சாப்பிட்டியளா?"

இப்போது யாராவது வழி, நேரம் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. நேரே மதுரை ரோட்டில் விட்டிருந்தால் ஒன்றரைக்கே போயிருப்போம்.

பிந்தியது இருபது நிமிடம்.