மழை வேண்டாம் என்றுதான் ஜெபித்தேன்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஜெபக் கூட்டத்துக்கு வந்தோமா, கண்ணை மூடினோமா, டீயும் பன்னும் வாங்கினோமா, வீடு போய்ச் சேர்ந்தோமா என்று இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "ஆயா, அன்னிக்கி மழையில உங்க வூட்ல இன்னா நடந்துச்சி?" என்று ஆளாளுக்கு என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறீர்கள். பாட்டுப் பாடும்போது எழுந்து நிற்க முட்டி வலிக்கிறது. அடுத்த வீட்டு விஷயம் என்றால் மட்டும் முன்வரிசைக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். சொல்ல மாட்டேன், போங்கள்!

சரி சரி, எழுந்திருக்காதீர்கள். சொல்லாவிட்டால் எனக்குத்தான் வயிறு வெடித்துவிடும். எனக்குப் படிப்பு கிடையாது. என் பேத்தி ஜெனி வேதத்தை வாசிப்பாள், நான் கேட்பேன். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் பாஸ்டர் பின்னால் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டேவிட். ஜெனிக்கு அப்பா. பட்டுத் தறி நெய்கிறான். நான் இருப்பது அவனோடுதான். சின்னவன் சாமு. அவனும் தறியில் வளர்ந்தவன்தான். ஆனால் அவனுக்குத் தறிக்குழியில் கால் தங்காது. ஒரு நாள் பாதி நெய்த புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்குப் போய்விட்டான். போனவன் போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையானார். சின்னவனைத் தேடாத இடமில்லை. அவர் கட்டிலை வாசலைப் பார்த்தபடி திருப்பிப் போடச் சொன்னார். போட்டோம். வாசலைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினார். யார் யாரோ சொல்லி, சாமு வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மூடியாகிவிட்டது.

டேவிட் வாசற்படியில் நின்று கத்தினான். தெருவே கேட்டது.

"அப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போட வராதவன் இந்தப் படிய மிதிக்கக் கூடாது. இனிமே உன் பேரு என் வாயில வராது."

சாமு திரும்பி நடந்தான். நான் நடுவில் நின்றேன். ஒரு கண்ணால் உள்ளே பார்த்தேன், ஒரு கண்ணால் வெளியே பார்த்தேன். அப்படி நடுவில் நிற்கிற கதி எந்தத் தாய்க்கும் வேண்டாம்.

பிறகு சாமு சேவூரில் வீடு பிடித்துப் பெண்டாட்டியோடு குடியிருந்தான். களம்பூர் ரைஸ் மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வண்டியில் எங்கள் தெரு வழியாகத்தான் போவான். சுற்றிப் போக வழி இருக்கிறது. ஆனாலும் இப்படித்தான் வருவான். வாசலுக்கு எதிரில் ஒரே ஒரு ஹாரன் அடிப்பான். நான் ஓடி வந்து முகத்தைப் பார்ப்பேன். அவ்வளவுதான் எங்கள் உறவு.

டேவிட் தறியில் இருந்தபடியே சொல்லுவான். "உன் கோயில் மணி அடிச்சிடுச்சி, போ."

நான் லேசுப்பட்டவளா? பெண்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டு, கூடையில் டிபன் பாக்ஸை ஒளித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் சேவூருக்குப் போய்விடுவேன்.

"ஏம்மா, ஜெபக் கூட்டத்துக்கு எதுக்குக் கருவாட்டுக் கொழம்பு?"

"பாஸ்டரம்மாவுக்கு வாய் கசக்குதாம்பா."

"போன வாரமும் கசந்துச்சே?"

"பாவம், ரொம்ப நாளா கசந்துகினு இருக்குது."

அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தடுக்க மாட்டான். பேரையும் சொல்ல மாட்டான். இந்தப் பொய்க்கு ஆண்டவரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பாஸ்டரம்மா, நீங்களும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வேதத்தில் வருகிற அந்த இரண்டு பிள்ளைகள் கதையைப் பிரசங்கித்தார். சின்னவன் ஓடிப்போய்ச் சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்புகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். மூத்தவன் கோபத்தில் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனையும் கெஞ்சிக் கூப்பிடுகிறார். அதோடு கதை முடிந்துவிட்டது, ஆமென்!

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, பெரியவன் உள்ள போனானா இல்லியா?"

"அது எழுதலம்மா."

"எழுதாம வுட்டா எப்பிடிங்க? என் வூட்ல அந்தக் கததானே ஓடிகினு இருக்கு! எங்க வூட்ல பெரியவன் உள்ள, சின்னவன் வெளிய. கெஞ்சிக் கூப்பிட அப்பனும் இல்ல. அந்தக் கதையில ஒரு ஆயா இருந்திருந்தா ரெண்டு பேர் காதையும் திருகி உள்ள தள்ளியிருப்பா."

பாஸ்டர் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஆண்டவரையே கேளுங்கம்மா, மீதிக் கதைய அவருதான் சொல்லணும்" என்றார்.

அன்றிலிருந்து என் ஜெபம் அது ஒன்றுதான். வேறு எதையும் கேட்கவில்லை. முட்டிவலி தீரக்கூடக் கேட்கவில்லை. ஆண்டவரே, மீதிக் கதையைச் சொல்லு. நான் கண்ணை மூடுவதற்குள் சொல்லு.

பதில் வரவில்லை. ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் கல்யாணம். சித்தப்பன் பெயர் பத்திரிகையில் இல்லை. நான் சோற்றைத் தள்ளிவைத்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன். டேவிட் அசையவில்லை. "அவளுக்குப் புடவைய நானே நெய்ஞ்சி தரேன். அவன் வந்தா நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அந்த ராத்திரி நான் நம்பிக்கையே இழந்தேன் தாயே. பாயில் படுத்துக்கொண்டு, உமக்கும் அந்தக் கதையின் முடிவு தெரியாதா என்று ஆண்டவரையே கேட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் நல்ல அடைமழை. ஜெனி புடவைக்கான பாவு தயாராக இருந்தும் வெளியே எடுக்க முடியவில்லை. நெசவுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நீளப் பட்டு இழைகள் அத்தனையையும் விடியற்காலையில் தெரு நெடுகக் கட்டி இழுத்து, கஞ்சி தெளித்துக் காயவைப்போம். அதுதான் பாவு போடுவது. அது காயும் முன்னால் மழை விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் அறுந்துவிடும்.

ஒரு நாள் வானம் வெளுத்தது. டேவிட் பாவை எடுத்துவிட்டான். இந்த முனை எங்கள் வாசலில், டேவிட் கையில். அந்த முனை தெருக்கோடியில். பக்கத்து வீட்டுக் காமாட்சியின் வீட்டுக்காரர் முருகேசன் அங்கே பாவு கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் பாவைத் தாங்க மரக்கால்கள். அரக்குச் சிவப்பு. வெயில் பட்டதும் தெருவே மணப்பெண் மாதிரி இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபித்தேன். ஆண்டவரே, நீர் பெரிய காரியம் எதுவும் செய்ய வேண்டாம். மழை மட்டும் வேண்டாம்.

ஆமென் சொல்லி வாயை மூடவில்லை. என் மூக்கின் மேல் ஒரு சொட்டு!

அடுத்த சொட்டு, அதற்கடுத்த சொட்டு. தெருவே அலறியது. காமாட்சி கத்தினாள், "யோவ், ஜல்தி சுருட்டுய்யா!" முருகேசன் கோலைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டுதான் வைத்தார். சேற்றில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். பாவம், நல்ல மனிதர். கோலைத் தரையில் படவிடாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பாவு தொய்ந்துவிட்டது. நடுவில் சேற்றைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. டேவிட் தன் முனையை விட்டுவிட்டு ஓட முடியாது. விட்டால் எல்லாம் போச்சு. என் பேத்தியின் கல்யாணப் புடவை!

நான் வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "இதானா நீ ஜெபத்தக் கேக்குற லட்சணம்?"

அப்போது ஹாரன் கேட்டது.

சாமு! மில்லிலிருந்து வருகிறான். தலையெல்லாம் தவிடு. பார்த்தான். வண்டியை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினான். முருகேசன் கையிலிருந்து கோலை வாங்கினான். ஒரே இழுப்பு! தொய்ந்த பாவு நரம்பு மாதிரி விறைத்து மேலே எழுந்தது. தறியை விட்டுப் போனவன்தான், கை மறக்கவில்லை.

ஆனால் இங்கேதான் கேளுங்கள். பாவைச் சுருட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர் சுருட்டிக்கொண்டே அவரை நோக்கி நடந்து வர வேண்டும். ஒருவர் கை தளர்ந்தாலும் சிக்கு விழும். அதனால் சுருட்டுகிறவர் குரல் கொடுப்பார், பிடிக்கிறவர் பதில் குரல் கொடுப்பார். எங்கள் வீட்டில் பெயர் சொல்லித்தான் பதில் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார். பதில் வராமல் கை நகராது.

தெருக்கோடியிலிருந்து சாமு கத்தினான். "அண்ணா, புடிச்சியா?"

டேவிட் வாய் திறக்கவில்லை. மழை வலுக்கிறது.

"அண்ணா! புடிச்சியா?"

அவன் தாடை மட்டும் ஆடுகிறது. எனக்கு வந்ததே கோபம்!

"டேய், வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருக்கற? பொண்ணு பொடவடா!"

டேவிட் கண்ணை இறுக மூடினான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"புடிச்சிட்டேன்டா சாமு! வாடா!"

ஐயோ ஆண்டவரே! அந்தப் பெயர்! எத்தனை வருஷம் கழித்து! நான் மழையில் குதித்தேன். ஆமாம், இந்த முட்டியோடுதான் குதித்தேன். காமாட்சியைக் கேளுங்கள். அவளையும் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"புடிச்சியாண்ணா?" "புடிச்சிட்டேன் சாமு, வா!" "புடிச்சியா?" "வாடா சாமு!" இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தெரு முழுக்க வந்தான். ஜெனியும் மருமகளும் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டின பாவின் மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள். வந்துவிட்டான், எங்கள் வாசல் வரைக்கும்.

படிக்கு முன்னால் நின்றுவிட்டான். கையில் பாவு. மேலே மழை.

டேவிட் உள்ளே ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான். "இன்னாடா நிக்கிற?"

"நான் இந்தப் படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்னியேண்ணா."

"பாவு நனையுதுடா!"

"பாவ நீ வாங்கிக்க. நான் போறேன்."

நான்கூட வாயை மூடிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேவிட் கீழே இறங்கினான். மழைக்குள் வந்தான். பாவைத் தொடவில்லை. தம்பியின் தோளைப் பிடித்தான்.

"நீயும்தாண்டா நனையிற. உள்ள வா."

கதையில் அப்பா வெளியே வந்து கூப்பிட்டார் அல்லவா? என் வீட்டில் அண்ணனே வெளியே வந்து கூப்பிட்டான்! பாஸ்டர், மீதிக் கதை கிடைத்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள்!

உள்ளே போனதும் பாவைக் கொடியில் பத்திரமாக ஏற்றினார்கள். பிறகு டேவிட் தன் துண்டால் சாமுவின் தலையைத் துவட்டினான். துவட்டிக்கொண்டே திட்டினான்.

"அப்பா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தாருடா."

"தெரியும்ண்ணா. அதனாலதான் உன் மூஞ்சியப் பாக்க தைரியம் இல்ல. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுண்ணா."

டேவிட் அழுதான். "எனக்கு இன்னும் கோவம் முழுசாப் போவல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ இனிமே வெளிய நிக்காத. கோவப்படணும்னா எதிர்ல உக்கார வச்சிகினு கோவப்படறேன்."

மன்னிப்பு இப்படித்தான் என் வீட்டுக்குள் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், சேற்றுக் காலோடு வந்தது. நான் துடைக்கவில்லை. கொழுத்த கன்றுக்கு எங்கே போவேன்? முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணினேன்.

டேவிட் முதல் உருண்டையை வாயில் போட்டுவிட்டுச் சொன்னான், "பாஸ்டரம்மாவுக்கு வாய்க் கசப்பு தீந்துடுச்சாம்மா?"

"தீந்துடுச்சிப்பா, இன்னியோட."

பாவில் ஓரிடத்தில் மட்டும் மழை பட்ட தடம் இருக்கிறது. டேவிட் அதை வெட்டாமல் அப்படியே சேர்த்து நெய்தான். தையில் ஜெனி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். சித்தப்பனும் சித்தியும் முன்வரிசையில் இருந்தார்கள். இப்போது காலையில் ஹாரன் அடிப்பதில்லை. வண்டி நேராக வாசலில் நிற்கிறது. காபி கேட்டு என் உயிரை வாங்குகிறான்.

அன்பானவர்களே, ஜெபித்தும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். நான் கேட்ட சின்ன ஜெபத்தை அவர் தள்ளினார், பெரிய ஜெபத்தைக் கொடுப்பதற்காக. எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். அவரை நம்பிக் கேளுங்கள். அவர் எந்த வழியில் வருகிறார் என்று மட்டும் நீங்கள் சொல்லித்தராதீர்கள்.

அன்றைக்கு மழை விட்டதும் தெருப் பெண்கள் எல்லாரும் என் வாசலில் கூடிவிட்டார்கள். காமாட்சி முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"இன்னா ஆயா, மழ வேணாம்னு வேண்டினியே, உங்க சாமி நிறுத்தலியே?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவரு நிறுத்தியிருந்தா இவன் நிக்காம போயிருப்பான்டி. என்னிய வேடிக்க பாத்தது போதும். போயி, உங்க உங்க வூட்டு வாசல்ல யாரு நனைஞ்சிகினு நிக்கிறாங்கன்னு பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.