நாலு முழக் கயிறு

கள்ளக்குறிச்சியிலிருந்து நைனார்பாளையம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், போர்வெல்லில் மோட்டார் இறக்கும் மெக்கானிக். கைபேசி, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் நைலான் கயிற்றால் தன்னோடு கட்டி வைத்திருந்தார்.

"நீங்க இன்னா வேலைங்க?"

"கடலுக்கு அடியில கருவி வெச்சு நிலநடுக்கத்த அளக்குறோம்."

"எத்தினி அடி ஆழம்?"

"பத்தாயிரம் இருக்கும்."

"கயிறு இன்னா சைஸு?"

"கயிறே இல்லீங்க. கப்பல்லேர்ந்து சத்தம் அனுப்புனா, எடையக் கழட்டி விட்டுட்டு தானா மிதந்து வந்துடும்."

நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வந்துச்சா?"

இரண்டு மாதமாகக் கூப்பிட்டும் வரவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கும்போது நாலு முழம் கயிறு அறுத்து என் மடியில் போட்டார். "அட்த்த வாட்டி கட்டி வுடுங்க. கயிறு இல்லாம மோட்டாரு எறக்குனவன் எவனும் நிம்மதியா தூங்குனதில்ல."

அடுத்த கருவியின் சட்டத்தில் அதைக் கட்டினேன். பத்தாயிரம் அடிக்கு நாலு முழமா என்று எங்கள் தலைமை விஞ்ஞானி விழுந்து விழுந்து சிரித்தார். கருவி முதல் அழைப்பிலேயே மேலே வந்துவிட்டது. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கருவியை இறக்கினாலும், யாருக்கும் கேட்காதபடி அந்தத் தலைமை விஞ்ஞானிதான் என் காதருகே வந்து விசாரிக்கிறார்:

"கயிறு கட்டியாச்சா?"