டாலாவில் காலணா தேடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மெட்டல் டிடெக்டரோடு ஆற்று மணலில் பழைய நாணயம் தேடுகிறேன். கிடைத்த காசைவிட மனைவியிடம் வாங்கிய பேச்சு அதிகம். யாங்கோனில் கடை வைத்திருக்கும் நண்பர் காதர் பாய், "டாலாவுல மண்ணைத் தட்டினாலே காலணா விழுது" என்று போனில் அளந்தார். நம்பி, 2010 ஜனவரியில் கிளம்பினேன். யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலா பக்கம் அவர் போயே பதினோரு வருடம் ஆகிறதென்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மிங்கலாடோன் விமான நிலையத்திலேயே ஆரம்பித்தது சனி. மெஷினில் முழங்கையைத் தாங்கும் வளையம் இருப்பதால், மூட்டுவலிக்கு ஊன்றுகோல் என்று சொல்லித் தொலைத்தேன். அதிகாரி நடந்து காட்டச் சொன்னார். டாக்சி வரைக்கும் நொண்டினேன். தாமுவேயில் பாய் வீட்டுக்கு ஏழாயிரம் கியாட், நாற்பது நிமிடம்.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் படகுத்துறை. வெளிநாட்டவருக்கு ஒரு டாலர். நோட்டில் மடிப்பு இருந்தால் வாங்க மாட்டார்கள். என் முதல் நோட்டில் மடிப்பு, இரண்டாவதில் பேனாப் புள்ளி. மூன்றாவதை நீட்டுவதற்குள் படகு போய்விட்டது. அடுத்த படகில் பத்தே நிமிடத்தில் அக்கரை.

அங்கே சைக்கா ஓட்டும் முத்து பிடித்துக்கொண்டார். சைக்கிளோடு பக்கத்து இருக்கை சேர்ந்த வண்டி அது. தமிழர், நாற்பது வயதிருக்கும். நாள் முழுக்க ஐயாயிரம் கியாட். மூன்று கிலோமீட்டர் தள்ளி, பழைய அரிசி ஆலைப் பொட்டலில் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு மணி நேரம் தோண்டினேன். சிகரெட் பெட்டி வெள்ளித்தாள், காப்பி மிக்ஸ் பாக்கெட், மறுபடி காப்பி மிக்ஸ் பாக்கெட். இந்த ஊரே காப்பி மிக்ஸைக் குடித்துவிட்டு உறையை எனக்காகப் புதைத்து வைத்திருக்கிறது. பத்தொன்பதாவது உறையோடு பொறுமை போயிற்று. மெல்லிய தகடுகளுக்கெல்லாம் சத்தம் போடாதே என்று மெஷினுக்கு உத்தரவிடும் குமிழை முக்கால்வாசி திருப்பிவிட்டேன். அப்பாடா, அமைதி. அரை மணியில், ராஜா முகம் தேய்ந்துபோன ஒரு காலணா கிடைத்தது. குதித்தேன்.

"சயா, நம்ம வீட்டு வரைக்கும் வந்து ஒரு சாமான் பாத்துத் தருவீங்களா?" என்றார் முத்து. சயா என்றால் இங்கே வாத்தியார், ஐயா, எல்லாம். எனக்குத் தலை கனத்தது.

தொலைந்தது அவர் மனைவி செல்வியின் தாலி. மழைக்காலத்தில், கொல்லையில் துணி துவைக்கும்போது நூல் அறுந்து சேற்றில் விழுந்ததாம்.

"சேத்துல ஒண்ணும் விழல. அடகுக் கடையில விழுந்திருக்கு," என்றார் முத்துவின் அம்மா. "அவ தம்பிக்கு சைக்கா வாங்கிக் குடுத்தாளே, எந்தக் காசுல?"

"சயா தேடட்டும். கெடச்சதும் பேசுங்க," என்றார் செல்வி. முத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருவே வேலியில் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வித்தை காட்டாமல் இருக்க முடியாது. துவைக்கிற கல்லிலிருந்து வாழை வரை கோடு போட்டு, ஐம்பது நிமிடம் தேடினேன். ஓர் ஆணி மட்டும் முனகியது. நிமிர்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே பர்மிய வார்த்தையை மேடைக் குரலில் முழங்கினேன்: "மஷிபூ!" இல்லை.

கூட்டம் 'ஓ' என்றது. மாமியார் கைதட்டினார். செல்வி உள்ளே போனார்.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்கு முகம் இருக்காது. டாலர் நோட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். தொப்பி அவசியம். மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கேட்க மாட்டீர்கள், தெரியும். அப்படியானால் ஒன்று: கிடைக்காவிட்டால் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். "இல்லை" என்று சொல்வதற்கு நாம் யார்?

மதியம் இரண்டேகால். படகுக்குக் காத்திருந்தபோது, அணைக்க மறந்திருந்த மெஷினின் தட்டைத் துடைத்தேன். கல்யாண மோதிரம் போட்ட கை அதன் மேல் போய்ப் போய் வருகிறது, சத்தமே இல்லை! மெல்லிய தங்கமும் காப்பி மிக்ஸ் உறையும் இந்த மெஷினுக்கு ஒரே ஜாதி. குமிழைத் திருப்பியபோது இரண்டையும் சேர்த்தே ஊமையாக்கிவிட்டேன்.

முத்து அடுத்த சவாரிக்குப் போயிருந்தார். வேறொரு சைக்காவில் ஆயிரம் கியாட் கொடுத்துத் திரும்ப ஓடினேன். செல்வி வாசலில் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார், தம்பி வீட்டுக்குப் போக. எல்லாவற்றுக்கும் சத்தம் போடட்டும் என்று குமிழை இடது கோடிக்குத் திருப்பிவிட்டுக் கொல்லையில் இறங்கினேன். காப்பி மிக்ஸ். காப்பி மிக்ஸ். காப்பி மிக்ஸ். பதினாலாவது குழியில், வாழை வேரடியில், விரல்நுனி அளவுக்கு மஞ்சளாக மினுங்கியது.

மாமியார் வாங்கிக் கழுவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதுதான்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

செல்வி தாலியை முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றி சொல்வார் என்று நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

"காலையில எந்தச் சத்தத்துல இல்லைன்னீங்களோ, அதே சத்தத்துல இப்ப இருக்குன்னு சொல்லுங்க சயா. இங்க இல்ல, தெருவுல."

"பர்மாக்காரங்களுக்குப் புரியுமா?"

"ஷிதேன்னா இருக்கு. சொல்லுங்க."

நடுத்தெருவில் நின்று, "ஷிதே!" என்று கத்தினேன். மூன்று வீட்டில் கதவு திறந்தது.

"கோடி வீட்டுக்குக் கேட்டிருக்காது," என்றார் செல்வி.

கோடி வீட்டைப் பார்த்து நடந்தேன்.