கடல் தெரியாத இடம்

இடம் பிடிப்பதில் அப்பாவை வெல்ல நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரத்தில் எங்கள் ஆட்களுக்குள் ஒருவரும் இல்லை. கலியாண மண்டபமோ, வாடகை வீடோ, கார் நிறுத்தும் மூலையோ, எதுவானாலும் ஆயிரம் கேள்வி கேட்டு எல்லாரையும் களைக்கப்பண்ணிவிட்டு, கடைசியில் அருமையான இடமாகத்தான் பிடிப்பார். சும்மா சொல்லக்கூடாது. அப்படிப்பட்டவர் ஒரேயொரு தடவை பிழைவிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது.

எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் பாரிசில் அல்லது லண்டனில் சொந்தக்காரர் வீட்டு ஹோலில் வரிசையாகப் படுப்பதுதான். அந்தக் கோடையில் நான் ஒற்றைக்காலில் நின்றேன். வகுப்பில் எல்லாரும் வடகடலுக்குப் போகிறார்கள், கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டியில் படுத்தெழும்புகிறார்கள், நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று அழுதேன். அப்பா இளகி, அப்படியொரு வண்டியை, வோன்மொபிலை, வாடகைக்குப் பேசிவிட்டார். இனி அதை நிறுத்தக் கடற்கரையில் ஒரு கேம்பிங் இடம் வேண்டும்.

அப்பா ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தார். ரைஸ் குக்கர் போட்டால் கரண்ட் போகுமா? மீன் பொரித்தால் பக்கத்து வண்டிக்காரர் முறைப்பாடு செய்வாரா? குளிக்கிற இடத்தில் சுடுதண்ணீர் எவ்வளவு நேரம் வரும்? மறுமுனையில் இருந்தவர்கள் பாவம். இதெல்லாம் ஒருவழியாகச் சரிவந்தபோது அம்மா குறுக்கே நின்றார்.

"உங்களுக்கென்ன விசரோ? அவளைக் கொண்டுபோய்க் கடலுக்கு முன்னால விடப்போறியளோ?"

அவள் என்றது சித்தியை. அம்மாவின் தங்கை. ஊரில் கடற்கரைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், முந்தைய வருடம்தான் எங்களிடம் தனியாக வந்து சேர்ந்திருந்தார். ஏன் தனியாக என்று நான் கேட்டால், அம்மா சீப்பை எடுத்து எனக்குத் தலை இழுக்கத் தொடங்கிவிடுவார். சித்தி சமைப்பார், உடுப்பு மடிப்பார், யன்னலால் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரித்து நான் கண்டதில்லை. தங்கச்சி ஒருதரம் சிரித்தால் போதும் என்பதுதான் அம்மாவின் ஓயாத வேண்டுதல்.

சித்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளை ஆசைப்படுறாள். போவம் அத்தான். கடல் என்ர கண்ணில படாட்டிச் சரி."

எனக்குக் கடல் வேண்டும், சித்திக்குக் கடல் தெரியக்கூடாது. இரண்டையும் தரக்கூடிய இடத்தை அப்பா கண்டுபிடித்துவிட்டார். கடலுக்கும் கேம்பிங்குக்கும் நடுவே மாடி உயரமான, புல் முளைத்த மண் அணை. அணைக்கு மேலே செம்மறிகள் மேய்ந்தன. ஏறினால் கடல், இறங்கினால் புல்வெளி. குடும்பங்களுக்கு ஏற்ற இடம், ஆழமில்லாத கடல் என்று வாசலிலேயே எழுதியிருந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வரவேற்பறையில் இருந்த பெண் கடல் வற்றும் நேரமும் பெருகும் நேரமும் போட்ட தாள் ஒன்றை அப்பாவிடம் நீட்டினார்.

"ரயிலுக்கு மாதிரி கடலுக்கும் நேர அட்டவணை அடிச்சிருக்கிறாங்கள்" என்று அப்பா சிரித்தார். "எங்கட கடலும் வத்துறதுதானே. ஒரு சாண், ரெண்டு சாண்."

அப்பா தோட்டக்காரரின் பிள்ளை. வெங்காயத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாம் தெரியும்.

அன்று பின்னேரம் அப்பாவும் நானும் அணைக்கு மேலே ஏறிப் பார்த்தோம். கரை முட்டக் கடல் நின்றது. சித்தி கீழே, அணைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அலைச் சத்தம் அங்கேயும் கேட்டது.

மறுநாள் காலை பனிமூட்டமாகப் புகார் இறங்கியிருந்தது. அம்மா குளிக்கப் போய்விட்டார், அப்பா பாண் வாங்க வரிசையில் நின்றார். சித்தியும் நானும் வண்டிக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சித்தி திடீரெனக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சத்தம் நிண்டிட்டுது."

எனக்கு விளங்கவில்லை. பிறகு காது கொடுத்துக் கேட்டேன். அலை இல்லை. ஒரு செம்மறி இருமியது, அவ்வளவுதான். சித்தி எழும்பி, கடல் கண்ணில் படக்கூடாது என்ற அதே சித்தி, நேரே அணைக்கு மேலே ஏறினார். நானும் பின்னால் ஓடினேன்.

கடலைக் காணவில்லை.

நேற்று நிரம்பி நின்ற கடல் அடியோடு போய்விட்டது. புகார் மூடும் தூரம்வரை கறுத்த சேறு மினுங்கியது. ஒரு படகு பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. எனக்குச் சந்தோசம் பொங்கியது. கடலுக்குள் நடக்கலாம்! சித்தி பயப்படுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் பயமே இல்லை. நெடுநாள் மூடிக்கிடந்த கடையைத் திறந்துவிட்டதுபோல அவசரம் மட்டும் இருந்தது. செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்தார்.

"வா, பாப்பம்" என்று என் கையைப் பிடித்தார்.

நாங்கள் நடந்தோம். சேறு விரல்களுக்கிடையே பிதுங்கியது. சித்தி ஒன்றையும் விடவில்லை. கயிற்றுத் துண்டோ, நண்டு ஓடோ, உடைந்த பிளாஸ்டிக் கரண்டியோ, எல்லாவற்றையும் குனிந்து புரட்டிப் பார்த்து, பழையபடியே வைத்தார். நான் சிப்பி பொறுக்குகிறோம் என்று நினைத்து ஒரு நல்ல சிப்பியைக் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை.

ஓரிடத்தில் ஒரு சின்னச் சப்பாத்து கிடந்தது. நீல நிறம், யாரோ குழந்தையுடையது. சித்தி அதைக் குட்டைத் தண்ணீரில் கழுவி, தன் உள்ளங்கையில் வைத்து அளந்தார்.

"இதில்லை" என்றார்.

கிடந்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்தார். புகார் தடித்துக்கொண்டு வந்தது. அணை மறைந்துவிட்டது, எங்கள் காலடித் தடமும் சேற்றில் ஊறி அழிந்துகொண்டிருந்தது.

"ராசா" என்று சித்தி கூப்பிட்டார். மெதுவாக, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில்.

வீட்டில் என்னையும் ராசா என்பதுண்டு. "ஓம் சித்தி" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். "ராசா, அம்மா வந்திட்டன்."

புகாருக்குள் யாரோ நிற்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். அந்தப் பக்கம் பார்க்காமல் என் கால்களையே பார்த்தேன். கணுக்கால்வரை தண்ணீர் நின்றது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. அதுவும் கடல் போன பக்கமிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், கரைக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த வாய்க்காலால் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹோர்ன் கேட்டது. அடுத்த வண்டிக்காரர் காதில் விழும் என்று எங்களை இருமக்கூட விடாத அப்பா, வோன்மொபிலின் ஹோர்னை அமத்திப் பிடித்தபடி விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அணையில் சோடியாக இருந்த செருப்பைக் கண்டுவிட்டாராம். கரை எந்தப் பக்கம் என்று அந்தச் சத்தம் சொன்னது. சித்தி திரும்பவில்லை. இன்னும் உள்ளே ஓரடி வைத்தார்.

"சித்தி, தண்ணி வருது" என்று கத்தி அழுதேன்.

அந்தச் சொல் அவரை உலுக்கியது. குனிந்து, முதன்முதலாகக் காண்பதுபோல என்னைப் பார்த்தார். அடுத்த கணம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சத்தம் வந்த திசைக்கு ஓடினார். வாய்க்காலில் தண்ணீர் அவருடைய இடுப்புக்கும் என்னுடைய கழுத்துக்கும் வந்தது. என் கால் தரையில் படவில்லை. "விடமாட்டன், விடமாட்டன்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிக்கொண்டே போனார். கரையில் அப்பா எங்களைத் தூக்கி எடுத்தபோதும் சித்தி என் கையை விடவில்லை. அம்மா விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

நான் வளர்ந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார். சுனாமி வந்த காலையில் அவர்களுடைய கடலும் முதலில் பின்வாங்கியதாம். துடிக்கும் மீனைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்களாம், சித்தியின் மகனும் ஓடினானாம். சித்தி துரத்திப்போய்க் கையைப் பிடித்தும்விட்டார். அலை வந்தபோது அந்தக் கை வழுக்கிவிட்டது. பிள்ளை பிறகு கிடைக்கவேயில்லை.

எங்களைக் கரையேற்றிய அன்று மத்தியானமே அப்பா வண்டியை எடுத்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், கடலிலிருந்து வெகுதூரத்தில், காட்டோரம் முதலில் கண்ட கேம்பிங்கில் நிறுத்தினார். அங்கே கடல் இல்லையே என்று எனக்குக் கோபம்.

"சித்தி என்ர கையை நகத்தால கீறிப்போட்டா" என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் மணிக்கட்டைக் கொஞ்சி, கொஞ்சிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எனக்கு நொந்ததற்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

இரவு சித்தி என்னைத் தன்னோடு படுக்கவைத்தார். எங்களிடம் வந்த பிறகு அவர் அயர்ந்து தூங்கியது அன்றைக்குத்தான் என்று அம்மா சொல்வார். அதே மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தார். கை விறைத்துப்போய் மெல்ல உருவப் பார்த்தேன். தூக்கத்திலேயே இன்னும் இறுக்கினார். கடல்தான் அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, இனி எதற்கு இந்தப் பிடி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.